விளக்கத்துக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் மாணவர்கள் 60 பேருக்கு வாரம் மூன்று நாள் இணையவழி வகுப்பு எடுக்கிறேன். யாரும் கேமராவைத் திறப்பதில்லை. "புரிகிறதா?" என்று கேட்டால் நான்கைந்து பேர் மட்டும் "யெஸ் சார்" என்று சாட்டில் தட்டுகிறார்கள். உள்தேர்வு விடைத்தாளைப் பார்த்தால் பாதிப் பேருக்கு அடிப்படையே பிடிபடவில்லை. செயல்வழிக் கற்றல் முறைகளை இணைய வகுப்பில் கையாள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? அடுத்த வாரம் வேலையும் ஆற்றலும் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

பதில்: முடியும். ஒரு விஷயத்தில் நேரடி வகுப்பைவிட இணைய வகுப்பில் அது எளிது என்றே சொல்வேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், "புரிகிறதா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிக் கேட்டவன்தான். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல மாணவருக்கே வழியில்லை. நாம் தெளிவாக விளக்கும்போது காதில் விழுவதெல்லாம் புரிந்ததாகத்தான் தோன்றும். புரியவில்லை என்பது தெரிய வேண்டுமானால், கேட்டதை வைத்து அவர் ஏதாவது செய்து பார்த்துத் தடுக்கி விழுந்திருக்க வேண்டும். அந்தச் சந்தர்ப்பத்தை வகுப்புக்குள்ளேயே, நாம் விளக்குவதற்கு முன்பே உண்டாக்குவதுதான் செயல்வழிக் கற்றல். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் தொடக்கப் பள்ளிதான் நினைவுக்கு வரும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய முறை அது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான அட்டைகளும் ஏணிப்படிகளும் அதற்கு மூலம். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்து, செய்து பார்த்து, அடுத்த படிக்கு ஏறுவார்கள். உங்கள் மாணவர்களில் சிலர் ஆறு வயதில் அப்படிப் படித்து வந்தவர்களாகவே இருக்கக்கூடும். மேல் வகுப்புக்கு வர வர அவர்களை நாம்தான் நோட்ஸ் எழுதுபவர்களாக மாற்றினோம். இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கல்லூரிக்கு அட்டைகள் வேண்டாம், ஒரு நல்ல கேள்வி போதும். நான் எடுத்த இணைய வகுப்பு ஒன்றில் நடந்ததையே சொல்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்: ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு. அன்று விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திரையில் இதை மட்டும் போட்டேன். நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, நின்றுகொண்டிருக்கும் ஸ்கூட்டர்மீது மோதுகிறது. மோதும் நொடியில் (அ) லாரி ஸ்கூட்டர்மீது செலுத்தும் விசை அதிகம், (ஆ) ஸ்கூட்டர் லாரிமீது செலுத்தும் விசை அதிகம், (இ) இரண்டும் சமம், (ஈ) ஸ்கூட்டர் நின்றுகொண்டிருப்பதால் அது விசையே செலுத்தவில்லை. வகுப்பில் பெரும்பகுதி "அ" என்றது. மூன்றாம் விதியை முந்தின நாள்தான் பிழையில்லாமல் எழுதிக் காட்டியிருந்தார்கள்.

என் மாணவர்கள் மட்டுமா இப்படி என்று கவலைப்பட வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூருக்கும் இதுதான் நேர்ந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூன், ஹெஸ்டெனஸ் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருவம் முழுக்க இயக்கவியல் படித்த பிறகும் மாணவர்களின் பழைய நம்பிக்கைகள் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. என் வகுப்பில் அப்படி இருக்காது என்று நினைத்துத்தான் மஸூர் அதே மாதிரிக் கேள்விகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். கடினமான கணக்குகளைப் போட்டுவந்தவர்கள் கனமான லாரியும் சிறிய காரும் மோதும் கேள்வியில் தடுமாறினார்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதுவதா என்று கேட்டாராம். இந்த அனுபவத்திலிருந்துதான் 1991 வாக்கில் அவர் சக மாணவர் வழிக் கற்பித்தலைத் தொடங்கினார். கேள்வியைப் போடு, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தேர்ந்தெடுக்கட்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், மறுபடி வாக்களிக்கட்டும், பிறகு நீ விளக்கு. முறை இவ்வளவுதான்.

நேரடி வகுப்பைவிட இணையத்தில் எளிது என்று சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. வகுப்பறையில் கேள்வி கேட்டால் முதல் வரிசையில் இருவர் கை தூக்குவார்கள், அவர்களில் ஒருவர் சொல்வார், மற்ற 58 பேரும் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். இணையத்தில் 60 பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாமல், குரலே எழுப்பாமல் பதில் சொல்ல முடியும். கூச்சத்தால் வாயே திறக்காத பிள்ளைகளின் விடையும் உங்கள் கண்முன் வந்துவிடும். நேரடி வகுப்பில் எனக்கு இந்த வசதி வாய்த்ததே இல்லை.

அதற்கு ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். விடையைச் சாட்டில் தட்டுங்கள், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து "இப்போது அனுப்புங்கள்" என்றால் 60 பதில்களும் மழைபோல் கொட்டும். முன்னால் அனுப்பியவரைப் பார்த்துக் காப்பியடிக்க நேரமிருக்காது. வாக்கெடுப்பு வசதி இருந்தால் இன்னும் நல்லது. முடிவை மட்டும் உடனே காட்டிவிடாதீர்கள். ஐந்தாறு பேருக்கு நெட்வொர்க் சரியில்லை என்றால் அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை எழுத்தை அனுப்பினால் போதும். குரல் விட்டுவிட்டுக் கேட்கும் இணைப்பில்கூட ஓர் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த ஒரு நிமிட மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று நொடி காத்திருந்தாலே மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுபவர்கள் கூடினார்கள். திரைக்கு முன் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மூன்று நொடியே யுகமாகத் தோன்றும், நாமே பதிலைச் சொல்லிவிடத் துடிப்போம். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். கருத்துக் கேள்விக்கு நான் 60 முதல் 90 நொடி விடுகிறேன்.

பதில்கள் வந்தபின் எண்ணிக்கையைப் பாருங்கள். மஸூரின் குழு சொல்லும் கணக்கு ஏறத்தாழ இது: சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் விவாதம் பயன் தராது, கருத்தையே மறுபடி விளக்க வேண்டும். 70 சதவீதத்தைத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம். நடுவில் இருந்தால் அவர்களைப் பேசவிட வேண்டும். அப்போது எது சரி என்று முகத்திலோ குரலிலோ காட்டிக்கொடுக்காதீர்கள். "நாம் இரண்டாகப் பிரிந்திருக்கிறோம், உங்கள் குழுவில் இருப்பவரைச் சம்மதிக்க வையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

தெரியாதவர்கள் கூடிப் பேசினால் தவறுதானே பரவும் என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இதையே சோதித்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள். விவாதம் முடிந்தபின், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இரண்டாவது கேள்வியை ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுத்தார்கள். குழுவில் ஒருவருக்குமே முதலில் சரியான விடை தெரியாதிருந்த இடங்களிலும் முன்னேற்றம் இருந்தது. காரணத்தை வாய்விட்டுச் சொல்லும்போதே அதிலுள்ள ஓட்டை சொல்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. என் லாரிக் கேள்வியில் நடந்ததும் அதுதான். "ஸ்கூட்டர்தானே நொறுங்குகிறது, அப்படியென்றால் அதன்மேல்தானே விசை அதிகம்" என்று ஒரு மாணவி எழுதினாள். "ஸ்கூட்டரின் நிறை குறைவு, அதனால் அதே விசைக்கு முடுக்கம் அதிகம்" என்று இன்னொருவன் பதில் போட்டான். லாரி 10,000 கிலோ, ஸ்கூட்டர் ஆளோடு சேர்த்து 200 கிலோ என்று வைத்தால், சமமான விசைக்கு ஸ்கூட்டரின் முடுக்கம் 50 மடங்கு. நான் விளக்க வேண்டிய வேலையை அவர்களே முடித்துவிட்டார்கள். விசையையும் அது விளைவிக்கும் சேதத்தையும் ஒன்றாகவே நினைத்துவந்திருக்கிறோம் என்று வகுப்பு அன்று கண்டுகொண்டது.

சிறு குழு அறைகளில்தான் பெரும்பாலான இணைய ஆசிரியர்கள் தோற்றுப்போகிறார்கள். "போய் விவாதியுங்கள்" என்று பத்து நிமிடம் அனுப்பினால் எல்லோரும் மியூட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். குழுவுக்கு மூன்று பேர் போதும். ஐவர் என்றால் இருவர் ஒளிந்துகொள்வார்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முடிவில் எழுத்தில் ஏதாவது வர வேண்டும், அது ஒற்றை வாக்கியமாக இருந்தாலும் சரி. யார் எழுதுவது என்ற தயக்கத்திலேயே ஒரு நிமிடம் கழிந்துவிடும் என்பதால், பிறந்தநாள் அடுத்து யாருக்கு வருகிறதோ அவர் எழுத வேண்டும் என்று நான் முன்பே சொல்லிவிடுவேன். மாதம் முழுவதும் குழுவை மாற்றாதீர்கள். பழகியவர்களிடம்தான் தவறாகச் சொல்லத் துணிவு வரும். சிறு குழு அறை வசதி இல்லையென்றால் மூவர் மூவராக வாட்ஸ்அப் அழைப்பில் பேசச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் சாட்டிலேயே "அ" கட்சியும் "இ" கட்சியும் வாதாடட்டும். என் லாரி வகுப்பு அப்படித்தான் நடந்தது.

கேமரா விஷயத்தில் கட்டாயப்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2020-இல் மாணவர்களைக் கேட்டபோது, தம் தோற்றம் எப்படித் தெரியுமோ என்ற கூச்சமே கேமராவைத் திறக்காததற்கு அவர்கள் அதிகம் சொன்ன காரணமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதற்கும் மேல் காரணங்கள் உண்டு. ஒரே அறை வீடு, பின்னால் தம்பி தங்கை, அப்பா வேலைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகும் செல்பேசி, மதியத்துக்குள் தீர்ந்துபோகும் டேட்டா. முகம் தெரிந்தாலும் அவர் யோசிக்கிறாரா என்பது தெரியப்போவதில்லை. சாட்டில் வந்து விழும் ஓர் எழுத்தும் ஒரு வாக்கியமும் அதைக் காட்டிவிடும். வருகைப் பதிவையும் நான் அதிலிருந்தே எடுக்கிறேன்.

பாடத்தைப் பதிவு செய்து அனுப்புபவராக இருந்தால் இன்னொன்று. கார்ல் ஷ்பூனரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டுகளாக்கி, சிலருக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சிறு தேர்வு வைத்தார்கள். அப்படித் தேர்வு எழுதியவர்களுக்குக் கவனம் சிதறுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் அவர்களே முந்தினார்கள். வீடியோ ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் ஒரு விதிபோலச் சொல்கிறார்கள். அந்த எண், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை அளந்து சொன்னது. எவ்வளவு கற்கிறார்கள் என்பதை அல்ல. நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, நிறுத்திக் கேட்க ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: போர்ஷன் முடியாதே? ஒரு கேள்விச் சுற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 50 நிமிட வகுப்பில் இரண்டு சுற்றுக்கு மேல் முயலாதீர்கள். அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்றால், நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதிலிருந்தும் சமன்பாட்டை வரி வரியாகத் திரையில் வருவிப்பதிலிருந்தும்தான். வருவித்தலைக் கையால் எழுதிப் படமெடுத்து முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். நடுவில் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, அதை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். யார் படித்தார்கள் என்பது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வகுப்புத் தொடக்கத்தில், சென்ற வகுப்பில் கற்றதில் மூன்றை நோட்டைப் பார்க்காமல் எழுதச் சொல்வதும் வீண் நேரமல்ல. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனைகளில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். பல்கலைக்கழகத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

மொத்த விளைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் அறிவியல், பொறியியல், கணித இளநிலைப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். செயல்வழி வகுப்புகளில் 21.8 சதவீதம். இவை பெரும்பாலும் நேரடி வகுப்புகள் என்பதால் அதே எண்ணை இணையத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் 60 பேரில் ஏழு பேர் தோல்வியிலிருந்து மீளக்கூடும் என்றால், அதற்காக நான் எவ்வளவு நோட்ஸையும் விட்டுக்கொடுப்பேன்.

இணையத்துக்கே உரிய இன்னொரு பலத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. மாணவர்கள் 60 வீடுகளில் இருக்கிறார்கள் என்பதைக் குறையாகவே பார்க்கிறோம். தனி ஊசல் பாடத்தில் நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். நூல், ஒரு கல், கதவு நிலையில் ஓர் ஆணி, செல்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். குழுவுக்கு ஒரு நீளம்: 25, 50, 75, 100 சென்டிமீட்டர். ஒவ்வொருவரும் 20 அலைவுக்கான நேரத்தை அளந்து பொதுவான அட்டவணையில் பதிய வேண்டும். ஒரு மீட்டருக்கு 40 நொடியும் 25 சென்டிமீட்டருக்கு 20 நொடியும் ஏறத்தாழ வர வேண்டும். நீளம் நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது என்பதை அட்டவணையே காட்டிவிட்டது.

தவறான எண்கள் வந்தபோதுதான் வகுப்பு களைகட்டியது. அலைவு நேரத்திலிருந்து கணக்கிட்டபோது சிலருக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக 10.8 என்று வந்தது. ஏன் என்று நான் சொல்லவில்லை, கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன். கல்லை விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் அளந்தது 20 அலைவு அல்ல, 19. "சுழியத்திலிருந்து எண்ணணும்டா" என்று ஒருவன் சாட்டில் போட்டதும் எட்டுப் பேர் உடனே மறுபடி அளந்தார்கள். இன்னும் சிலர் முடிச்சுவரை மட்டும் அளந்திருந்தார்கள், கல்லின் மையம்வரை அளக்கவில்லை. ஆய்வகத்தில் ஒரே மேசையில் ஐவர் நின்று ஒருவர் செய்வதை மற்றவர்கள் பார்த்திருந்தால் இந்தப் பிழைகள் வெளியே தெரிந்திருக்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். "சார் நடத்துவதே இல்லை, எங்களையே கேட்கிறார்" என்று புகார் துறைத் தலைவர்வரை போகலாம். எனக்குப் போயிற்று. ஹார்வர்டில் டெலோரியே குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய தெம்பு. அங்கே செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கற்றுவிட்ட உணர்வைத் தந்துவிடுகிறது. தட்டுத்தடுமாறி யோசிப்பது கற்காத உணர்வைத் தருகிறது. இதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உள்தேர்வு முடிந்ததும் அவர்கள் முதலில் சொன்ன விடைகளையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

நல்ல கேள்விகள் எங்கே கிடைக்கும்? உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய விடைத்தாள்களில். மாணவர்கள் எழுதிய தவறான விடைகளையே தெரிவுகளாக வையுங்கள், நீங்களாக உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். பார்த்ததுமே பொய்யென்று தெரியும் தெரிவால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஒரு பெண் மொட்டை மாடியின் விளிம்பில் நின்று ஒரே மாதிரியான இரண்டு கற்களை எறிகிறாள். ஒன்றை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே, மற்றொன்றை அதே வேகத்தில் நேர் கீழே. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். தரையைத் தொடும்போது எதன் வேகம் அதிகம்? மேலே எறிந்தது, கீழே எறிந்தது, இரண்டும் சமம் என்று மூன்று தெரிவுகள் போதும். கீழே எறிந்ததுதான் என்று பலர் சொல்வார்கள், அதிக உயரத்திலிருந்து விழுவதால் மேலே போனதுதான் என்றும் ஒரு கூட்டம் சொல்லும். இரு தரப்பையும் பேசவிடுங்கள். ஆற்றல் அழியாமை என்ற சொல்லை எடுக்காதீர்கள். மேலே போன கல், எறிந்த இடத்துக்குத் திரும்பி வரும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார். முதல் சுற்றில் கேட்கவில்லையென்றால் அந்த வகுப்பை அப்படியே முடித்துவிட்டு அடுத்த வகுப்பில் அதே கேள்வியோடு தொடங்குங்கள். அந்த வரியை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.